லைம் நோய்க்கு மருந்து முடித்தும் அப்பாவுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை

நியூஹேவன்_மகள்:

வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. விசிட்டர் விசாவில் ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவில் கனெக்டிகட் வந்தார். பின்கட்டுத் தோட்டத்தில்தான் பொழுது போகும். ஜூன் முதல் வாரம் முழங்காலுக்குப் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு வட்டம், காய்ச்சல், உடம்புவலி. அர்ஜன்ட் கேரில் பார்த்ததுமே லைம், அதாவது உண்ணி கடித்து வரும் கிருமித்தொற்று என்று சொல்லி, டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மி.கி. காலையும் இரவுமாக 14 நாள் கொடுத்தார்கள். ஒரு வேளைகூட விடவில்லை. வட்டமும் காய்ச்சலும் போய்விட்டன.

ஜூலை கடைசியிலிருந்து கை நடுங்குகிறது. வலது கையில் அதிகம், இடதில் கொஞ்சம். கூடவே சோர்வு, தூக்கமின்மை, இடது முழங்காலில் பிடிப்பு. ஆகஸ்டில் ரத்தம் பார்த்ததில் எலைசா (லைம் ஆன்டிபாடிக்கான முதல்கட்டச் சோதனை) பாசிட்டிவ். அதை உறுதிசெய்யும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஐஜிஎம் 2 பட்டை, ஐஜிஜி 3 பட்டை. நியூராலஜிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் நவம்பரில்தான் கிடைத்தது.

நடுக்கம் லைமால்தானா? இன்னொரு சுற்று ஆன்டிபயாடிக் கேட்கலாமா? அதுவரை சாப்பிடுவது, காபி குடிப்பது எல்லாம் எப்படிச் சமாளிப்பது?

மற்ற மாத்திரைகள்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 இரு வேளை, கிளிமிபிரைடு 2 மி.கி. காலை; ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5. மூச்சிழுப்புக்கு எப்போதாவது சால்பியூட்டமால் இன்ஹேலர். ஊரிலிருந்து கொண்டுவந்த கேஸ் மாத்திரை. அவ்வளவுதான்.

நரம்புநூல்:

ரிப்போர்ட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா பாதிக் குழப்பம் அங்கேதான்.

ஐஜிஎம் என்பது தொற்று வந்ததும் முதலில் எழும் ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்குவது), ஐஜிஜி பின்னால் எழுவது. ஐஜிஎம்மில் 3 பட்டையில் 2 இருந்தால் பாசிட்டிவ் என்று கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு அறிகுறி தொடங்கி முதல் 30 நாளுக்கு மட்டும்தான். உங்கள் அப்பாவுக்கு இரண்டு மாதம் தாண்டிவிட்டது, அதனால் ஐஜிஎம்மை ஒதுக்கிவிடுங்கள். ஐஜிஜியில் 10-ல் 5 வேண்டும், 3 போதாது. அதற்காக லைம் வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. சீக்கிரமே மருந்து கொடுத்துவிட்டால் பலருக்கு ஐஜிஜி முழுசாக எழும்புவதே இல்லை. வட்டம், காய்ச்சல், உண்ணி கடிக்கும் ஜூன் மாதம், லைம் பரவலாக உள்ள கனெக்டிகட். இந்த நாலும் சேர்ந்தாலே நோயை உறுதி செய்யலாம், ரத்தம் தேவையில்லை. ஆக, இந்த ரிப்போர்ட் ஜூனில் லைம் வந்ததா என்பதற்கும் புதிதாக எதுவும் சொல்லவில்லை, இப்போது கிருமி இருக்கிறதா என்பதற்கும் பதில் சொல்லவில்லை. ஆன்டிபாடி வருடக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். குணமானதா என்று பார்க்க மறுபடி மறுபடி இதையே எடுப்பது வெட்டிச்செலவு.

அடுத்து நடுக்கம். லைம் நரம்பில் இறங்கினால் வழக்கமாக வருபவை மூன்று: முகவாதம், மூளையுறை அழற்சியால் வரும் கடுமையான தலைவலி, நரம்பு வேரில் பிடித்து இரவில் எரிந்து குத்தும் வலி. கை நடுக்கம் மட்டும் தனியாக வருவது அந்தப் பட்டியலில் இல்லை. கிருமி மூளைக்குள்ளேயே போயிருந்தால் நடை, பேச்சு, நினைவு என்று வேறு ஏதாவதும் கூடவே கெட்டிருக்கும். எம்ஆர்ஐயிலும் முதுகுத்தண்டு நீரிலும் தடயம் தெரியும். 2020-ல் அமெரிக்கத் தொற்றுநோய், நரம்பியல், மூட்டு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்களுக்கு வழக்கமாக லைம் டெஸ்ட் எடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

நீங்கள் எழுதியதில் எனக்கு லைம் வாசனை அடிப்பது அந்த முழங்காலில்தான். வீங்கி, நீர் கோத்து, இன்னொரு முட்டியைவிடப் பெரிதாகத் தெரிந்தால் உடனே காட்டுங்கள். லைம் மூட்டழற்சிக்கு 28 நாள் வாய்வழி ஆன்டிபயாடிக் என்று தனி கணக்கு இருக்கிறது. வீக்கமில்லாத வெறும் பிடிப்பென்றால் 64 வயதுக்குரிய தேய்மானமாக இருக்கலாம்.

நவம்பர் வரை சும்மா காத்திருக்காதீர்கள். போனில் நாலு வீடியோ எடுத்து வையுங்கள், ஒவ்வொன்றும் 30 வினாடி:

ஒன்று, நாற்காலியில் உட்கார்ந்து கையை மடியில் தளர்வாகப் போட்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கவனம் கணக்கில் போனதும் மடியிலிருக்கும் கை தானாக ஆடத் தொடங்கினால் அது ஓய்வு நடுக்கம். பார்க்கின்சன் பக்கம் யோசிக்கணும், அல்லது பார்க்கின்சன் மாதிரி காட்டும் மருந்துகளின் பக்கம். இரண்டு, இரு கையையும் முன்னால் நீட்டி ஒரு தாளை விரல்கள் மேல் வைத்தால், தாள் உடனே சிலிர்க்கிறதா, சில வினாடி கழித்து ஆடுகிறதா? உடனே, வேகமாக, பொடியாக என்றால் தைராய்டு, காபி, இன்ஹேலர் வகை. தாமதித்து, மெதுவாக என்றால் மறுபடி முதல் வகை. மூன்று, மணிக்கட்டை மேசையில் ஊன்றாமல் ஒரு சுருள் வரைந்து, கீழே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத்து போகப் போகச் சிறுத்தால் பார்க்கின்சன் பக்கம், பெரிதாகக் கோணினால் வேறு வகை நடுக்கம். நாலாவது, நடை. எந்தக் கை வீசாமல் தொங்குகிறது என்று பாருங்கள்.

ஃபேமிலி டாக்டரிடமே எடுக்கக்கூடிய டெஸ்ட்: டிஎஸ்எச் (தைராய்டு), பி12, கிரியாட்டினின் (சிறுநீரகம்), ஈரல், எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), ஒரு ஈசிஜி. ஈசிஜி எதற்கு என்றால், லைம் இதயத்தின் மின்கடத்தலையும் தடுக்கும். தலைசுற்றி விழுந்தாலோ, நாடி ரொம்ப மெதுவானாலோ, மூச்சு வாங்கினாலோ, நவம்பரும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம், 911.

மருந்துச்சீட்டு:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா எனக்கு ஒரு இடத்தில்தான் கண்ணு நிக்குது: "ஊரிலிருந்து கொண்டுவந்த கேஸ் மாத்திரை". அட்டையைத் திருப்பி, பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் என்ன கலவைன்னு பார்த்துச் சொல்லுங்க. எப்போதிலிருந்து தினமும் போடுறார்னும் சொல்லுங்க.

அதுவரைக்கும் மத்த மாத்திரைகள்.

கிளிமிபிரைடு: காய்ச்சல் வந்து பசி குறைஞ்ச ஆளுக்கு அதே 2 மி.கி. அதிகமாப் போயிரும். காலை 11 மணிக்கோ சாப்பாடு தள்ளிப்போன நாளிலோ வியர்வையோட நடுங்கினா, அந்த நிமிஷமே குளுக்கோமீட்டரில் பாருங்க. 70-க்குக் கீழே இருந்தா அரை கப் ஆரஞ்சு ஜூஸ், அல்லது தண்ணியில் மூணு நாலு டீஸ்பூன் சர்க்கரை. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. நடுக்கம் வந்த நேரத்தையும் அப்போதைய சர்க்கரை அளவையும் ஒரு நோட்டில் வரிசையா எழுதினா, ஒரு வாரத்தில் இந்தச் சந்தேகம் தீர்ந்துரும்.

சால்பியூட்டமால்: இழுத்த சில நிமிஷத்தில் ரெண்டு கையும் பொடிசா நடுங்கும், சில மணி நேரத்தில் போயிரும். இழுத்த நேரத்தையும் அதே நோட்டில் எழுதுங்க.

மெட்ஃபார்மின்: வருஷக்கணக்கில் போடுறவங்களுக்கு பி12 குறையும். அசிடிட்டி மாத்திரையும் சேர்ந்தா இன்னும் குறையும். சைவம்னா கேக்கவே வேண்டாம். சோர்வுக்கும் கால் மரப்புக்கும் லைமைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி பி12 பாத்துரணும்.

ஒரு எச்சரிக்கை. நடுக்கம்னு சொன்னதும் ப்ரோப்ரனலால் எழுதிக் கொடுக்கிறது ரொம்பச் சகஜம். உங்க அப்பாவுக்கு மூணு காரணத்தால் அது இடிக்கும். இன்ஹேலர் தேவைப்படுற மூச்சுக்குழாய்க்கு அது ஆகாது. சர்க்கரை இறங்கும்போது வர்ற படபடப்பையும் நடுக்கத்தையும் மறைச்சிரும், வியர்வை மட்டும்தான் மிஞ்சும். லைமால் இதய மின்கடத்தல் மந்தமாகி இருந்தா அதை இன்னும் மந்தமாக்கும். ஈசிஜி பாக்காம வாங்காதீங்க. நடுக்கத்துக்கே இன்னொரு மருந்தான ப்ரிமிடோன் எழுதினா அதுக்கும் ஒரு சிக்கல்: டாக்ஸிசைக்ளினை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேத்திரும். முட்டிக்காக மறுபடி டாக்ஸி கொடுக்க வேண்டிவந்தா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது.

நியூஹேவன்_மகள்:

ரொம்ப நன்றி. அட்டையைப் பார்த்தேன். ரேபிப்ரசோல் 20 மி.கி., லெவோசல்பிரைடு 75 மி.கி. ஊரில் எப்போதாவது போடுவார். டாக்ஸி ஆரம்பித்து மூன்றாம் நாள் நெஞ்சு எரிகிறது என்று தினமும் காலையில் போட ஆரம்பித்தார், இன்னும் போடுகிறார். இங்கே டாக்டரிடம் சொல்லவில்லை, "கேஸ் மாத்திரைதானே" என்று விட்டுவிட்டோம். வீடியோவும் எடுத்தேன்: கணக்குச் சொல்லும்போது மடியில் வலது கட்டைவிரல் ஆடுகிறது. நடையில் வலது கை வீச்சு குறைவு.

மருந்துச்சீட்டு:

அதேதான் பயந்தேன்.

ரேபிப்ரசோல் அமிலத்தைக் குறைக்கிறது, அது பிரச்சினை இல்லை. லெவோசல்பிரைடு, உடம்பு அசைவைச் சீராக்குற டோபமைன்ங்கிற ரசாயனம் நரம்பணுவில் வேலை செய்யும் வாசலை அடைக்கிற மருந்து. வயித்தை வேகமாத் தள்ளுறதுக்காகச் சேர்க்கிறாங்க. அந்த அடைப்பு மூளையிலும் நடக்கும். பார்க்கின்சன்ல டோபமைன் குறைஞ்சு என்ன நடக்குமோ அதையே இது செயற்கையா உண்டாக்கும்: ஓய்வு நடுக்கம், கை வீச்சுக் குறைவு, முகத்தில் பாவனை குறையிறது, நடை சின்னதாகிறது. வயசானவங்களுக்கு, தினமும் வாரக்கணக்கில் போடுறவங்களுக்கு ஆபத்து அதிகம். ஜூனில் தொடங்கி ஜூலை கடைசியில் நடுக்கம். நாள்கணக்கு அப்படியே பொருந்துது. லைம் இதில் செஞ்சது ஒண்ணே ஒண்ணு, டாக்ஸியையும் அதோட நெஞ்செரிச்சலையும் வீட்டுக்குள்ள கொண்டுவந்தது.

இந்த மருந்து அமெரிக்காவில் விற்பனையில் இல்லை. அதனால் இங்கத்த டாக்டருக்கு மனசில் வராது, கம்ப்யூட்டர் பட்டியலில் தேடினாலும் சட்டுனு கிடைக்காது. தலைசுற்றலுக்கு நம்ம ஊரில் கொடுக்கிற சின்னரிசினும், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசினும் இதே வேலையைச் செய்யும், அதுவும் இங்க கிடையாது. வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு மட்டும்தான் இங்க தெரியும், அதுவும் இதே சாதி. அப்பா பெட்டியில் இந்த நாலில் எது இருந்தாலும் எடுத்துத் தனியா வைங்க.

இன்னைக்கே டாக்டர் ஆபீஸுக்கு போன் பண்ணி, "டோபமைனை அடைக்கும் மருந்து ஜூனிலிருந்து தினமும் எடுக்கிறார், இப்போது ஓய்வு நடுக்கம்"னு இதே வார்த்தையில் சொல்லி, நிறுத்தச் சம்மதம் வாங்குங்க. அட்டையின் படத்தையும் மடியில் கை ஆடுற வீடியோவையும் டாக்டர் ஆபீஸின் ஆன்லைன் போர்ட்டலில் ஏத்துங்க. நியூராலஜி ஆபீஸுக்கும் அதையே அனுப்பினா தேதி முன்னாடி வரவும் வாய்ப்பிருக்கு.

நிறுத்தின மறுநாளே நிக்கும்னு எதிர்பாக்காதீங்க. வாரங்கள் ஆகும், சிலருக்கு மாசங்கள். ஆறு மாசம் தாண்டியும் அப்படியே இருந்தா, உள்ளே அரும்பிக்கிட்டிருந்த பார்க்கின்சனை மருந்து முன்கூட்டியே வெளிக்காட்டிருச்சோன்னு நியூராலஜிஸ்ட் யோசிப்பார். அப்போ மூளையின் டோபமைன் நரம்புகளைக் காட்டுற டாட் ஸ்கேன் உதவும்: மருந்தால் மட்டும் வந்ததுன்னா அது இயல்பா இருக்கும்.

நெஞ்செரிச்சலுக்கு வருவோம். டாக்ஸி உணவுக்குழாயில் ஒட்டினா அங்கயே புண்ணாக்கும். மறுபடி எடுக்க நேர்ந்தா: முழு டம்ளர் தண்ணி, 240 மில்லி, ஒரு மடக்கு இல்லை. போட்டதும் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. அதனால் இரவு மாத்திரையைப் படுக்கும்போது போடாம இரவுச் சாப்பாட்டோடயே போட்டுரணும். தோசை, இட்லியோட போடலாம். தயிர்சாதம், மோர், பால் வேண்டாம், சுண்ணாம்புச்சத்து மருந்தைப் பிடிச்சு வெச்சிக்கும். இரும்பு, கால்சியம், ஆன்டாசிட் எல்லாத்துக்கும் ரெண்டு மூணு மணி நேர இடைவெளி. வெயிலில் தோட்டம் கூடாது, தோல் வெந்துரும்.

எடிசன்_சித்தப்பா:

எல்லோரும் மருந்து மருந்து என்கிறீர்கள். லைம் ஒளிந்துகொள்ளும் நோய். 14 நாள் போதாது, நாலைந்து மாதம் ஆன்டிபயாடிக்கை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினால்தான் போகும் என்று சொல்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். மருந்து ஏற்றும்போது நடுக்கம் கூடினால் கிருமி சாகிறது என்று அர்த்தம். சிறப்பு லேபுகளில் முழு பேனல் எடுத்துப் பார்க்கலாமே?

நரம்புநூல்:

சித்தப்பா, இந்த யோசனைதான் மக்களைக் கடனாளியாக்குகிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சிவப்பு வட்ட நிலையிலேயே டாக்ஸி தொடங்கினால் 10 நாளே போதும் என்பதுதான் இப்போதைய வழிகாட்டுதல், இவருக்கு 14 கிடைத்திருக்கிறது. நரம்பில் இறங்கியிருந்தாலும் 14 முதல் 21 நாள். மூளை அல்லது தண்டுவடத்துக்குள் என்றால் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசி ஆன்டிபயாடிக் 2 கிராம் தினமும், 2 முதல் 4 வாரம். மாதக்கணக்கு எங்கேயும் இல்லை. நோய்க்குப் பிறகும் சோர்வு, வலி, மறதி நீடிப்பவர்கள் உண்டு, அது கற்பனை கிடையாது. ஆனால் அவர்களுக்கு நீண்ட ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், 2001-ல் அமெரிக்காவிலும் 2016-ல் நெதர்லாந்திலும், மருந்தும் வெற்றுமாத்திரையும் ஒன்றுபோலவே நின்றன. மாதக்கணக்கில் ஊசிக்குழாய் ரத்தக்குழாயில் இருந்தால் அதன் வழியே ரத்தத்தில் தொற்று ஏறும், ரத்தம் கட்டும், செஃப்ட்ரியாக்சோனால் பித்தப்பையில் கசடு சேரும்.

கிருமி சாகும்போது வரும் குளிரும் காய்ச்சலும் உண்மை. முதல் வேளை மருந்துக்குப் பிறகு 24 மணி நேரத்துக்குள் வந்து, ஒரு நாளில் அடங்கிவிடும். மூன்றாம் வாரத்தில் நடுக்கம் கூடினால் அதற்கு அந்தப் பெயர் வைக்கக் கூடாது, வேறு காரணம் தேடணும். சிறப்பு லேப் பேனலைப் பொறுத்தவரை, பட்டை எண்ணிக்கையைத் தன் இஷ்டத்துக்குக் குறைத்துப் பாசிட்டிவ் என்று எழுதினால் யாருக்கும் பாசிட்டிவ் வரும்.

கூடுதலாகத் தேட வேண்டியது ஒன்று உண்டு. அதே உண்ணி, ரத்தச் சிவப்பணுவில் வாழும் பபேசியா என்ற ஒட்டுண்ணியையும் கொண்டுவரும், டாக்ஸி அதைத் தொடாது. இரவில் நனையும் வியர்வை, விட்டுவிட்டுக் காய்ச்சல், ரத்தசோகை இருந்தால் ரத்தப்பூச்சும் (ரத்தத்துளியை நுண்ணோக்கியில் பார்ப்பது) பிசிஆரும் (கிருமியின் மரபணுவைத் தேடுவது) கேளுங்கள். அப்பாவுக்கு இவை இல்லை என்றால் விட்டுவிடலாம்.

கைத்தாங்கல்:

கடைசிக் கேள்வியை யாரும் தொடவில்லை. நவம்பர் வரை அவர் சாப்பிட்டாகணுமே.

அடிப்படை ஒன்றுதான்: கை காற்றில் எவ்வளவு நீளமாக நிற்கிறதோ அவ்வளவு ஆடும். முழங்கையை மேசையில் ஊன்றி, மேல்கையை விலாவோடு ஒட்டினால் ஆட்டம் மணிக்கட்டோடு நின்றுவிடும். அதனால் மேசை அவர் நெஞ்சுக்குக் கீழே, முழங்கை வசதியாகப் படும் உயரத்தில் இருக்கணும். நாற்காலியைத் தாழ்த்த முடியாவிட்டால் தட்டை உயர்த்துங்கள். ஒரு தடித்த டெலிபோன் டைரக்டரி உயரம், அதாவது நாலு விரற்கடை, போதும். தட்டுக்கடியில் சமையலறை டிராயரில் விரிக்கும் ரப்பர் வலை விரிப்பை ஒரு துண்டு வெட்டிப் போடுங்கள், நகராது.

கையால் சாப்பிடுகிறவருக்கு ஸ்பூனைத் திணிக்காதீர்கள். ஸ்பூனில்தான் நடுக்கம் அதிகம் தெரியும், ஏனென்றால் விரல் நுனியிலிருந்து இன்னும் நாலு அங்குலம் தள்ளிப் பருக்கை நிற்கிறது. கை உணவுக்கு அருகிலேயே இருக்கும். விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு, சாம்பாரைக் கொட்டாமல் சோற்றில் கெட்டியாகப் பிசைந்து, சின்ன உருண்டையாக. ரசத்தைச் சோற்றில் வேண்டாம், டம்ளரில் குடிக்கட்டும். பொங்கல், அடை, இட்லி எளிது. சேமியா உப்புமா சட்டையில்தான் போய்ச் சேரும்.

காபி: டபரா டம்ளர் இப்போதைக்கு அலமாரியில் இருக்கட்டும். விளிம்பைப் பிடித்து ஆற்றுவது இந்தக் கைக்கு மிகக் கடினமான வேலை, சூடும் வேறு. மூடி போட்ட, கைப்பிடி அகலமான மக், பாதி வரைக்கும் மட்டும். இரண்டு கையாலும் பிடிக்கட்டும். கனமான ஸ்பூன், மணிக்கட்டு எடை வாங்குமுன் வீட்டில் சோதியுங்கள். கால் கிலோ துவரம்பருப்பை ஒரு நீளமான காலுறையில் போட்டு மணிக்கட்டில் சுற்றிப் பாருங்கள். நடுக்கம் குறைந்தால் வாங்கலாம். பத்து நிமிடத்தில் தோள் கடுத்தால் வேண்டாம். ஓய்வு நடுக்கத்துக்கு எடை பெரும்பாலும் உதவாது, கையைப் பயன்படுத்தும்போது அது தானே கொஞ்சம் அடங்கும்.

மாத்திரையை உள்ளங்கையில் கொட்டினால் உருண்டு ஓடும், சின்னக் கிண்ணத்தில் கொட்டுங்கள். சவரத்துக்கு எலெக்ட்ரிக் டிரிம்மர். ஒட்டும் பட்டை வைத்த வேட்டி. ஐபோனில் செட்டிங்ஸ், ஆக்சஸபிலிட்டி, டச், அதற்குள் டச் அகாமடேஷன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஹோல்டு டியூரேஷனை ஆன் செய்தால் தவறிப் படுகிற தொடுதலை விட்டுவிடும், ஊருக்கு வீடியோ கால் போட ஒவ்வொரு முறையும் உங்களைக் கூப்பிட வேண்டியிருக்காது. கொதிக்கும் பாத்திரத்தை அவர் தூக்கவே கூடாது, மேடை மேலேயே தள்ளி நகர்த்தலாம்.

சோர்வுக்கு: நல்லா இருக்கிற நாளில் தோட்டம் முழுக்கக் கொத்திவிட்டு அடுத்த இரண்டு நாள் படுப்பதுதான் எல்லோரும் செய்வது. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவு, 20 நிமிடம் வேலை, 10 நிமிடம் உட்காரல். இரண்டு வாரம் தாங்கினால் ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

வடக்கு_வாசல்:

தோட்டம் என்றதால் ஒரு வார்த்தை. லைம் ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரும். மே முதல் ஜூலை வரை கடிப்பது கசகசா அளவு இளம் உண்ணி. அக்டோபர், நவம்பரில் வளர்ந்த உண்ணிகள் கிளம்பும், ஆக சீசன் முடியவில்லை. உள்ளே வந்ததும் துணியைத் துவைக்குமுன் டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம். ஈரத்துணி என்றால் இன்னும் நேரமாகும். முழங்கால் பின்புறம், தொடையிடுக்கு, தொப்புள், அக்குள், காதுக்குப் பின்னால், வேட்டி இறுக்கும் இடுப்புக்கோடு ஆகியவற்றைத் தடவிப் பார்க்கணும். பெர்மெத்ரின் 0.5 சதவீதம் துணிக்கும் ஷூவுக்கும் மட்டும், தோலில் அடிக்கக் கூடாது.

ஒட்டியிருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். திருகக் கூடாது. மண்ணெண்ணெய், வாசலின், தீக்குச்சி எதுவும் வேண்டாம். 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்ததாகத் தோன்றினால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்ஸி 200 மி.கி. ஒரே வேளை தருவார்கள். அதைத் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி. நெஞ்செரிந்தால் அந்த அட்டையைத் தேடாமல் டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

நியூஹேவன்_மகள்:

டாக்டர் ஆபீஸில் நர்ஸ் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். பத்து நிமிடத்தில் டாக்டரே கூப்பிட்டு நிறுத்தச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை ஈசிஜி, பி12, டிஎஸ்எச். முட்டியையும் அப்போதே பார்க்கிறாராம். கைத்தாங்கல், பிசைந்த சோற்றைத் தட்டில் ஒரு ஓரமாக ஒதுக்கி வைப்பதா, நடுவிலா?

கைத்தாங்கல்:

அவருக்கு எதிர்ப்பக்கத்து விளிம்பை ஒட்டி. விரல் சோற்றைத் தள்ளும்போது விளிம்பு தடுத்துக் கொடுக்கும், உருண்டை அங்கேயே பிடிபடும்.